கறுப்புக் கோட்டும் வீட்டுச் செலவும்

வணக்கம் ஐயா,

கொருக்குப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். வயது 25. பி.காம். முடித்துவிட்டு நாலு வருடமாக பாரிமுனையில், கப்பல் சரக்குக்குக் கஸ்டம்ஸ் காகித வேலை பார்க்கிற ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீசில் டாகுமென்டேஷன் பார்க்கிறேன். சம்பளம் 19,000. அப்பாவுக்கு காசிமேட்டில் வலை பின்னுகிற வேலை. தம்பி பாலிடெக்னிக் கடைசி வருடம் போகப் போகிறான். எனக்கு மூன்று வருட எல்.எல்.பி. படிக்க ஆசை. நியாயம், சேவை என்றெல்லாம் சொல்ல மாட்டேன். நல்ல வருமானம் வேண்டும், நாலு பேர் முன்னால் மரியாதை வேண்டும். வீட்டிலோ, "கோர்ட் வாசல்ல எத்தனை வக்கீல் டீக்கு வழியில்லாம நிக்கிறான், பார்த்ததில்லையா" என்கிறார்கள். மாமா ஒருவர், வெளி மாநிலத்தில் காலேஜுக்குப் போகாமலே பட்டம் வாங்கலாம், ஆள் இருக்கிறார் என்கிறார். பணத்துக்காகச் சட்டம் படிப்பது தப்பா? படித்தால் பணம் வருமா?

ஆர்.
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள ஆர்.,

தப்பே இல்லை. நான் வக்கீலாகப் பதிவு செய்த புதிதில், "பணத்தைப் பார்க்காதே தம்பி, தொழிலைக் கத்துக்கோ, பணம் தானா வரும்" என்று நிறையப் பேர் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பாதிப் பேருக்கு அப்பாவோ மாமனாரோ விட்டுவிட்டுப் போன ஆபீஸ் இருந்தது. தண்டையார்பேட்டையிலிருந்தும் கொருக்குப்பேட்டையிலிருந்தும் வருகிறவர்கள் பணத்தைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் காலை வைக்க வேண்டும். கேட்டது நல்லது.

வருமா என்றால், வரும். ஆனால் தாமதமாக வரும், எல்லோருக்கும் வராது. நம் பக்கத்திலிருந்து போய் இந்தத் தொழிலில் நிலைத்தவர்களை முப்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒன்று, முதல் ஐந்தாறு வருடம் சோற்றுக்கு வேறு வழி இருந்தவர்கள். இல்லையென்றால், கோட்டு போடுவதற்கு முன்பே ஏதோ ஒரு விஷயத்தை ஆழமாகத் தெரிந்து வைத்திருந்தவர்கள். உங்களிடம் இரண்டாவது இருக்கிறது. முதலாவதற்குத்தான் வழி பார்க்க வேண்டும்.

படிப்புச் செலவு பெரிதில்லை. அரசு சட்டக் கல்லூரியில் கட்டணம் மிகக் குறைவு. பட்டப்படிப்பு மார்க்கை வைத்து இடம் கொடுக்கிறார்கள், நுழைவுத் தேர்வு கிடையாது. வக்கீலாகப் பதிவு செய்ய முன்பு மாநிலத்துக்கு மாநிலம் பல ஆயிரங்கள் வாங்கினார்கள். 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம், சட்டத்தில் உள்ள 750 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது, எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 125 ரூபாய்தான் என்று சொல்லிவிட்டது. அப்புறம் அகில இந்திய பார் தேர்வு ஒன்று எழுத வேண்டும். ஒழுங்காகப் படித்தவர்களுக்கு அது பெரிய தடை இல்லை.

செலவெல்லாம் அதற்குப் பிறகு வருகிற வருடங்களில்தான். நான் லிங்கிச் செட்டித் தெருவில் ஒரு சீனியரிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். காலை எட்டு மணிக்குப் போய் கேஸ் கட்டுகளை எடுத்து வைக்க வேண்டும். பத்தரைக்குக் கோர்ட், சாயங்காலம் மறுபடி ஆபீஸ், வீடு திரும்ப ராத்திரி பத்து. சம்பளம் என்று எதுவும் பேசவில்லை. தீபாவளிக்கு ஒரு கவரில் 300 ரூபாய் கொடுத்தார். என்னிடம் வெள்ளை பேண்டு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ராத்திரி துவைத்து, காலையில் சொம்பில் கொதிக்கிற தண்ணீரை ஊற்றி அதன் அடியால் தேய்த்துப் போட்டுக்கொண்டு போவேன். அம்மா தண்டையார்பேட்டையில் இட்லிக் கடை வைத்திருந்தார். அந்தக் கடைதான் ஆறு வருடம் எனக்குச் சோறு போட்டது, பஸ் பாஸ் வாங்கிக் கொடுத்தது. ஆறாவது வருடத்தில்தான் என் பெயரில் வந்த வக்காலத்துகளை வைத்து வீட்டு வாடகை கொடுத்தேன்.

என்னோடு அதே ஆபீசில் சேர்ந்த நண்பன் என்னைவிடக் கெட்டிக்காரன். ஒரு மனுவை எடுத்தால் எங்கே ஓட்டை என்று பத்து நிமிடத்தில் சொல்வான். இரண்டாவது வருடம் அவன் அப்பா இறந்துபோனார். இரண்டு தங்கைகள். கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு மாதச் சம்பள வேலைக்குப் போய்விட்டான். இன்றைக்கும் ஒரு சிக்கலான கேஸ் வந்தால் அவன் இருந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கோர்ட் வாசலில் நிற்பவர்களைப் பற்றி உங்கள் வீட்டில் சொல்வது பொய் இல்லை. ஆனால் அவர்களில் பலர் திறமை இல்லாமல் நிற்கவில்லை. அந்த ஆறு வருடத்தைத் தாங்க வீட்டில் ஆள் இல்லை.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. ஜூனியர்களுக்கு சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 ரூபாயாவது கொடுக்க வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பும்படி 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், வக்கீல்களைப் பதிவு செய்கிற பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. வெட்கப்படாமல் அதைச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சேருங்கள். என் ஆபீசில் கொடுக்கிறேன். எல்லா ஆபீசிலும் கிடைத்துவிடும் என்று நம்பிக் கடன் மட்டும் வாங்கிவிடாதீர்கள்.

ஏற்கெனவே ஒரு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்றேனே, அதற்கு ஒரு கேஸைச் சொல்கிறேன். எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் டிரைலர் மோதி, லோடு ஏற்றுகிற தொழிலாளி ஒருவர் இறந்துபோனார். வயது 34. மனைவி, இரண்டு குழந்தைகள், வயதான அம்மா. நஷ்டஈட்டு வழக்கில், வருமானத்துக்குச் சான்று இல்லை, மாதம் 9,000 என்று வைத்துக்கொள்ளலாம் என்றது இன்சூரன்ஸ் தரப்பு. என் ஜூனியர் பெண் திருவொற்றியூர்க்காரி. கூலி வேலை செய்கிறவர்கள் வீட்டில் எந்தக் காகிதம் எங்கே இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்த வீட்டுக்குப் போய், ரேஷன் கார்டும் சமையல் கேஸ் புத்தகமும் வைத்திருந்த பிளாஸ்டிக் கவரைக் கேட்டு வாங்கிப் பார்த்தாள். உள்ளே ஒரு நாற்பது பக்க நோட்டு. வாரா வாரம் மேஸ்திரி கூலி எழுதிக் கையெழுத்துப் போட்டது. சில பக்கங்களில் குழந்தை பென்சிலால் கிறுக்கியிருந்தது. அந்த மேஸ்திரியைத் தேடிப் பிடித்துச் சாட்சிக் கூண்டில் ஏற்றினோம். தீர்ப்பாயம் மாதம் 15,000 என்று ஏற்றுக்கொண்டது.

கணக்கைப் பாருங்கள். மாத வருமானத்தோடு எதிர்கால உயர்வுக்கு 40 சதவீதம் கூட்ட வேண்டும். நம்பியிருப்பவர்கள் நாலு பேர் என்பதால் அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கைக் கழிக்க வேண்டும். அதைப் பன்னிரண்டால் பெருக்கி, 34 வயதுக்கு உச்ச நீதிமன்றம் வகுத்த 16 என்ற எண்ணால் பெருக்க வேண்டும். 9,000 என்றால் 18,14,400 ரூபாய் வரும். 15,000 என்றால் 30,24,000. பன்னிரண்டு லட்சத்துக்கு மேல் வித்தியாசம், ஒரு நோட்டால். அந்த வட்டாரத்தில் இன்றைக்கு விபத்து நடந்தால் அவளைத்தான் தேடி வருகிறார்கள். அவளுக்கு வருமானமும் அப்படித்தான் வந்தது.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். விபத்துக் கேஸ்களில் கிடைக்கிற தொகையில் இத்தனை சதவீதம் ஃபீஸ் என்று பேசுகிறவர்களைப் பார்ப்பீர்கள். பார் கவுன்சில் விதி அதைத் தடை செய்திருக்கிறது. அந்தப் பணத்துக்கு ஆசைப்படாதீர்கள். செத்தவருடைய குழந்தைகளின் சாப்பாடு அது.

சரி, உங்களுக்கு வருகிறேன். நாலு வருடம் பில் ஆஃப் என்ட்ரியும் (இறக்குமதிக்குக் கஸ்டம்ஸில் கொடுக்கிற படிவம்) பில் ஆஃப் லேடிங்கும் (சரக்கைக் கப்பலில் ஏற்றியதற்கான ரசீது) பார்த்த கை உங்களுடையது. சரக்கை வகைப்படுத்துகிற எச்.எஸ். கோடு ஒன்று மாறினால் டியூட்டி எவ்வளவு மாறும், சரக்கு நின்றுவிட்டால் டெமரேஜ் என்கிற தாமதக் கட்டணம் நாளுக்கு நாள் எப்படி ஏறும் என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சட்டக் கல்லூரியில் முதல் ரேங்க் வாங்குகிற பிள்ளைக்கு இது தெரியாது. கஸ்டம்ஸ் தகராறு கமிஷனர் அப்பீலுக்குப் போகும், அங்கிருந்து ஹாடோஸ் ரோட்டில் இருக்கிற சுங்கத் தீர்ப்பாயத்துக்குப் போகும், அதற்கு மேல் உயர் நீதிமன்றம், டியூட்டி விகிதம் பற்றிய தகராறு என்றால் உச்ச நீதிமன்றம். இறக்குமதியாளர்கள் அதற்கு நல்ல ஃபீஸ் கொடுக்கிறார்கள், ஏனென்றால் சரக்கு நிற்கிற ஒவ்வொரு நாளும் அவர்களுக்கு நஷ்டம்.

கப்பல் வழக்குகளும் இருக்கின்றன. 2017-இல் வந்த கடல்சார் வழக்குச் சட்டப்படி சென்னை உயர் நீதிமன்றம் ஒரு கப்பலையே கைது செய்ய உத்தரவிடலாம். வாரண்டைக் கப்பலில் ஒட்டி, துறைமுகத்துக்கும் தகவல் போய்விட்டால் அது நகர முடியாது. மாலுமிகளுக்குச் சம்பள பாக்கி என்றாலும் அப்படி நிறுத்தலாம். கப்பலை விற்றால் பணத்தில் அவர்கள் சம்பளத்துக்குத்தான் முதல் உரிமை. துறைமுகத்தை ஒட்டிப் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகள் இந்த வேலைக்கு ஏன் அதிகம் போகவில்லை என்று எனக்கு ரொம்ப நாளாக ஆதங்கம். நீங்கள் போங்கள்.

மாமா சொல்கிற வழி மட்டும் வேண்டவே வேண்டாம். எல்.எல்.பி.யைத் தபால் வழியில் படிக்க முடியாது, வகுப்புக்குப் போய்த்தான் ஆக வேண்டும். வகுப்பே நடத்தாமல் பட்டம் கொடுக்கிற இடங்களுக்கு 'லெட்டர்பேட் காலேஜ்' என்று கோர்ட்டிலேயே பெயர் இருக்கிறது. பணமும் போய், பதிவிலும் சிக்கல் வந்து, கடைசியில் கட்டுப் பிரித்துப் படிக்கவும் தெரியாமல் நிற்பீர்கள்.

ஒழுங்காகப் படிப்பதிலும் நமக்கு ஒரு கஷ்டம் இருக்கிறது. அரசு சட்டக் கல்லூரி உயர் நீதிமன்றத்தை ஒட்டி இருந்தவரை, வகுப்பு முடிந்ததும் நடந்து போய் கோர்ட்டில் உட்காரலாம். நான் வாதாடக் கற்றுக்கொண்டதில் பாதி அந்தச் சாயங்காலங்களில்தான். 2018-இல் புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் மாற்றிவிட்டார்கள். கொருக்குப்பேட்டையிலிருந்து எதுவாக இருந்தாலும் தினமும் பெரிய பயணம். பகல் வேலையை விட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் பில் ஆஃப் என்ட்ரி எல்லாம் இப்போது ஐஸ்கேட் என்கிற கஸ்டம்ஸ் தளத்தில் ஆன்லைன்தானே, சாயங்கால வேலையாகக் கொஞ்சம் கொடுங்கள் என்று முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள். படிப்பு முடித்து வக்கீலாகப் பதிவு செய்த பிறகு முழுநேரச் சம்பள வேலை பார்க்கக் கூடாது என்பது விதி. அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாதா மாதம் நிச்சயமான சம்பளம்தான் வேண்டும் என்றால் நீதிபதித் தேர்வு இருக்கிறது. சிவில் நீதிபதிக்கு அடிப்படைச் சம்பளமே 77,840 ரூபாயில் தொடங்குகிறது. முன்பு கல்லூரி முடித்ததுமே எழுதலாம். 2025 மே மாதத் தீர்ப்புக்குப் பிறகு மூன்று வருடம் வக்கீலாக இருந்திருக்க வேண்டும். அந்த ஜூனியர் வருடங்களைத் தாண்டித்தான் இந்தக் கதவுக்கும் போக வேண்டும்.

அதனால் இந்த வருடம் சேராதீர்கள். தம்பி டிப்ளமா முடித்து வேலைக்குப் போகட்டும், வீட்டுச் செலவில் பாதியை அவன் எடுத்துக்கொள்ளட்டும். அதுவரை மாதம் ஐயாயிரமாவது தனியாக எடுத்து வையுங்கள், கல்யாணத்துக்கு என்று யார் கேட்டாலும் தொடாதீர்கள். 26 வயதில் சேர்ந்தால் 29 வயதில் கோட்டு.

அதற்குள் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு ஹைகோர்ட் வளாகத்துக்குள் இருக்கிற ஸ்மால் காஸ் கோர்ட்டுக்கு (சிறு வழக்குகள் நீதிமன்றம்) போங்கள், உங்கள் ஆபீசிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆதார் கார்டு எடுத்துக்கொள்ளுங்கள், வாசலில் கேட்பார்கள். ஏதாவது ஒரு ஹாலில் பின்பெஞ்சில் உட்காருங்கள். பதினோரு மணி வாக்கில் ஜூனியர்கள் ஒவ்வொருவராக எழுந்து, சீனியர் வரவில்லை என்று வாய்தா கேட்பார்கள். சிலருக்குத் திட்டு விழும். ஒருவர் திட்டு வாங்கிக்கொண்டே தன் கேஸைச் சரியாகச் சொல்லி முடிப்பார், அவரைக் கவனியுங்கள். 29 வயதில் அந்த இடத்தில் நிற்க மனசு ஒப்புகிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.