கொட்டில் கேள்விகள்: தண்ணீர் வாளியைக் கீழே வையுங்கள்

கேள்வி: எட்டு ஆடுகள் வைத்திருக்கிறேன். மண் தரை, மேலே தகரம். மாரி தொடங்கினால் குட்டிகளுக்கு இருமல், பெரிய ஆடுகள் இரண்டுக்குக் குளம்பு அழுகி நொண்டுகின்றன. ஒரு நாள் தவறாமல் கழுவுகிறேன், கிழமைக்கு ஒருக்கால் பிளீச்சிங் பவுடரும் போடுகிறேன். ஆனாலும் நாற்றம் போகவில்லை. என்ன பிழை விடுகிறேன்?
- வாசகி, கொக்கட்டிச்சோலை

பதில்: கோபிக்க வேண்டாம் தங்கச்சி, பிழை உங்கள் தண்ணீர் வாளியில்தான். மண் தரையைக் கழுவ முடியாது, ஊறவைக்கத்தான் முடியும். நீங்கள் ஊற்றுவது மூத்திரத்தோடு சேர்ந்து மண்ணுக்குள் நிற்கிறது, மாரியில் அது காய வழியில்லை, ஆடு இரவு முழுக்க அந்த ஈரத்தில்தான் நிற்கிறது, படுக்கிறது, குளம்பிடுக்குத் தோல் ஊறிப் பிய்ந்தால் கிருமிக்கு வேறு வாசல் தேவையா? இருமலின் கணக்கு வேறு. இன்றைக்கு இரவு கொட்டிலை அடைத்த பிறகு உள்ளே போய், படுத்திருக்கும் குட்டியின் மூக்கு உயரத்துக்குக் குந்தி ஐந்து நிமிடம் இருந்து பாருங்கள். மூத்திரத்திலிருந்து கிளம்பும் அமோனியா வாயு, நிற்கும்போது தெரியாதது, அங்கே கண்ணைக் கரிக்கும். குட்டி விடியும் வரை அதைத்தான் இழுக்கிறது.

பிளீச்சிங் பவுடரில் நானும் ஒரு முறை வாங்கிக் கட்டிக்கொண்டவன். புழுக்கையை அள்ளாமல் மூத்திர ஈரத்தின் மேலேயே தூவிவிட்டேன். கிளம்பிய நெடியில் ஆடுகளும் நானும் ஒன்றாக இருமிக்கொண்டு வெளியே ஓடினோம். மூத்திரத்து அமோனியாவும் பவுடரில் இருக்கும் குளோரினும் சேர்ந்தால் அப்படித்தான், தவிர மருந்தின் வீரியமும் சாணத்தோடேயே முடிந்துபோகும். முதலில் சுரண்டி அள்ள வேண்டும், அப்புறம்தான் மருந்து.

இப்போதைக்கு ஊறிய மேல் மண்ணை அரை அடி வெட்டி எடுத்து, கிரவல் போட்டு இடித்து, பத்தடிக்கு மூன்று அங்குலம் சரிவு விடுங்கள். தினமும் விளக்குமாறு மட்டும் போதும். கையில் காசு வந்ததும் பரண் போடுங்கள், அதாவது ஆடு நிற்க இடைவெளி விட்டுச் சலாகை அடித்த உயரத் தளம். நிலத்திலிருந்து மூன்று, நான்கு அடி உயரம் வேண்டும், கீழே கூட்டி அள்ள இடம் வேண்டுமே, உங்கள் படுவான்கரைப் பக்கத்து வெள்ளத்தையும் யோசிக்க வேண்டும். சலாகைகளுக்கு இடையில் அரை அங்குலம் விடுங்கள். குறைந்தால் புழுக்கை விழாது, நன்றாகக் கூடினால் குட்டியின் கால் இறங்கி முறியும். ஆணித் தலை எதுவும் நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று வெறும் உள்ளங்கையால் மெதுவாகத் தடவிப் பாருங்கள், கண்ணுக்குத் தப்புவது கைக்குத் தப்பாது.

தறப்பாள் கட்டும்போது கூரை வரை இழுத்து மூடாதீர்கள், ஆட்டின் தலைக்கு மேலே ஒரு முழமாவது திறந்திருக்கட்டும். 2022 டிசம்பரில் வடக்கிலும் கிழக்கிலும் குளிரில் மாடு ஆடுகள் கூட்டமாகச் செத்ததைப் பார்த்த பிறகு பலர் பயந்து காற்றே புகாமல் அடைக்கிறார்கள். பயம் நியாயம்தான். ஆனால் நனைந்த உடம்பில் காற்று அடிப்பதுதான் ஆபத்து, உடம்பு காய்ந்திருக்கிற ஆடு நம் ஊர்க் குளிரைத் தாங்கும்.

கேள்வி: 50 முட்டைக்கோழிகள். கூட்டுத் தரையில் விரித்த உமி கட்டி கட்டியாகிவிடுகிறது. கிழமைக்கு ஒரு முறை முழுவதையும் மாற்றவா?
- வாசகர், ஏறாவூர்

பதில்: வேண்டாம் தம்பி, உமிக்கும் காசுதானே. கட்டி பிடிப்பது பெரும்பாலும் தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றித்தான், அதை மட்டும் அள்ளிவிட்டுப் புது உமி போடுங்கள். பாத்திரத்தைக் கல் வைத்துக் கோழியின் முதுகு உயரத்துக்கு ஏற்றினால் சிந்துவது பாதியாகும். மற்ற இடத்தை இரண்டு நாளுக்கு ஒருக்கால் கிளறினால் போதும். ஒரு கைப்பிடி உமியை இறுக்கிப் பிடித்து விடுங்கள், உதிர்ந்தால் சரி, உருண்டையாக நின்றால் ஈரம் கூட. அந்த ஈரத்தில்தான் இரத்தக் கழிச்சல் நோய்க் கிருமி வளரும். கோழிக்கு இரண்டு சதுர அடி என்று 100 சதுர அடி இருக்கிறதா என்றும் அளந்து பாருங்கள், நெருக்கினால் எந்த உமியும் காயாது.

கேள்வி: மாட்டுத் தொழுவத்துக்குப் புதுக் கூரை போட்டோம். வேறு ஏதாவது கவனிக்க வேண்டுமா?
- வாசகர், திருக்கோவில்

பதில்: கூரை வேலையில் சிதறிய ஆணியும் கம்பித் துண்டும்தான். மாடு அவசரத்தில் புல்லோடு சேர்த்து விழுங்கிவிடும், அது இரண்டாம் இரைப்பையில் தங்கி, குத்தி இதயம் வரை போகலாம். பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைக் கயிற்றில் கட்டி, தொழுவத்திலும் முற்றத்திலும் இரண்டு தரம் இழுங்கள். அது முடியும் வரை மாட்டை வேறு இடத்தில் மரத்தடியில் கட்டுங்கள்.