வாடும் கத்திரிக்கு சுண்டை வேர்: எப்போது கைகொடுக்கும்?

கேள்வி: வேலூர் பக்கம் முக்கால் ஏக்கரில் இலவம்பாடி முள்ளு கத்திரி போடுகிறேன். பூவெடுக்கும் நேரத்தில் செடிகள் பச்சையாகவே வாடிச் செத்துப் போகின்றன. சுண்டைக்காய்ச் செடியில் ஒட்டுக் கட்டிய கத்திரி வாடாது என்கிறார்கள். நாற்று வாங்கலாமா, நானே கட்டலாமா? காய் மாறிவிடுமா?

பதில்: காய் மாறாது. மண்ணுக்குள் இருப்பது சுண்டையின் வேர், மேலே காய்ப்பது உங்கள் முள்ளு கத்திரிதான். புவிசார் குறியீடு பெற்ற ஒரு ரகத்தை வாடல் நோய்க்காகக் கைவிட்டு, ஏதோ ஒரு வீரிய ரகத்துக்கு மாறச் சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. ரகத்தை வைத்துக்கொண்டு வேரை மட்டும் மாற்ற முடியும் என்பதுதான் ஒட்டு நாற்றில் எனக்குப் பிடித்த விஷயம்.

ஆனால் காசு செலவழிக்கும் முன், உங்கள் செடி எதனால் சாகிறது என்று பார்த்துவிடுங்கள். வாட ஆரம்பித்த செடியின் அடித்தண்டில் ஒரு சாண் வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் ஊற்றி, வெட்டிய முனை தண்ணீரில் படும்படி அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் போன்ற வெள்ளை நூல் கீழே இறங்கினால் அது பாக்டீரியா வாடல். நூல் இறங்கவில்லையா? செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக வீங்கியிருந்தால் வேர்முடிச்சு நூற்புழு. அடி இலைகள் முதலில் மஞ்சளாகி, தண்டைப் பிளந்தால் உள்ளே பழுப்புக் கோடு தெரிந்தால் பூஞ்சை வாடல். இவை எல்லாம் மண்ணிலிருந்து வருபவை. சுண்டை வேர் உதவக்கூடிய இடம் இதுதான். பச்சையாகவே வாடுகிறது என்று நீங்கள் சொல்வதால் பாக்டீரியாவாக இருக்கவே வாய்ப்பு அதிகம், இருந்தாலும் டம்ளர் சோதனையைச் செய்துவிடுங்கள்.

குருத்து மட்டும் தொங்குகிறதென்றால் அது தண்டுத்துளைப்பான் வேலை. இலை சிறுத்துக் கொத்தாகிப் போனால் தத்துப்பூச்சி பரப்பும் சிற்றிலை நோய். இந்த இரண்டுக்கும் ஒட்டு நாற்று ஒன்றும் செய்யாது. சுண்டைக்கு வாடலே வராது என்று யாராவது உறுதி கொடுத்து விற்றாலும் நம்ப வேண்டாம். அதன் எதிர்ப்புச் சக்தி நல்லதுதான், ஆனால் பாக்டீரியாவின் வகையைப் பொறுத்து அது கூடும், குறையும்.

சரி, நீங்களே கட்ட முடியுமா? முடியும், ஆனால் பொறுமை வேண்டும். சுண்டை விதை சீக்கிரம் முளைக்காது, ஒரே சீராகவும் முளைக்காது. அதனால் கத்திரி விதைப்பதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பே குழித்தட்டில் சுண்டையைப் போட்டுவிட வேண்டும். இரண்டின் தண்டும் ஒரே கனத்துக்கு வரும்போது, சுண்டையின் தலையை வெட்டிவிட்டு நடுவில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பிளக்க வேண்டும். கத்திரிக் குருத்தின் அடியை ஆப்பு மாதிரி சீவி, அந்தப் பிளவில் செருகி, ஒட்டுக் கிளிப் போட வேண்டும். பிளேடு புதிதாக இருக்கட்டும், அடிக்கடி ஸ்பிரிட்டால் துடையுங்கள்.

தோல்வி பெரும்பாலும் வெட்டுவதில் வராது, அதற்கடுத்த ஒரு வாரத்தில்தான் வரும். பாலிதீன் கூண்டுக்குள் காற்றின் ஈரம் 90 சதவீதத்துக்குக் குறையாமல், வெப்பம் 25 முதல் 30 டிகிரிக்குள், முதல் இரண்டு மூன்று நாள் இருட்டில் வைக்க வேண்டும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிச்சமும் காற்றும் காட்டி, நிழல்வலையில் மேலும் ஒரு வாரம் பழக்க வேண்டும். வேலூர் சித்திரை வெயிலில் இது லேசில் நடக்காது. முதல் முறை என்றால், உங்கள் முள்ளு கத்திரி விதையை நல்ல நாற்றுப்பண்ணையில் கொடுத்து, சுண்டையில் கட்டித் தரச் சொல்வதே நல்லது.

விலை சாதாரண நாற்றைவிடப் பல மடங்கு இருக்கும். ஆனால் ஒட்டுச் செடி நன்றாகப் படர்வதால் நெருக்கி நடக் கூடாது. 2 அடிக்கு 2 அடி நட்டால் ஏக்கருக்கு சுமார் 10,900 நாற்று வேண்டும்; 3 அடிக்கு 3 அடி என்றால் சுமார் 4,800 போதும். வேர் பலமாக இருப்பதால், காய்ப்பு ஓய்ந்ததும் கவாத்து செய்து மறுபடி காய்க்கவிடலாம். ஆண்டுக்கு ஒருமுறை உழுது நாற்று நடும் செலவும் இதனால் குறைகிறது.

நட்ட பிறகு ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஒட்டுப் பகுதி மண்ணுக்கு மேல் இரண்டு அங்குலமாவது இருக்க வேண்டும், மண் அணைக்கும்போதும் அதை மூடக் கூடாது. மூடினால் கத்திரித் தண்டிலிருந்தே வேர் இறங்கி, நோய் அந்த வழியாக ஏறிவிடும். ஒட்டுக்குக் கீழே கிளம்பும் சுண்டைச் சிம்புகளை உடனே கிள்ளிவிடுங்கள். விட்டால் கத்திரியை அமுக்கிவிட்டு சுண்டைதான் வளரும்.

பக்கத்து வயலில் தக்காளியும் இருந்தால், அதற்குச் சுண்டையைவிடக் கத்திரி வேர் ஏற்றது. தைவானிலுள்ள உலகக் காய்கறி மையம் பரிந்துரைக்கும் இ.ஜி.203 என்ற கத்திரி ரகத்தின் வேர், பாக்டீரியா வாடலோடு தண்ணீர் தேங்குவதையும் தாங்கும். கண்ட காட்டுச்செடியில் ஒட்டிப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். ஊமத்தை வேரில் ஒட்டிய தக்காளியைச் சாப்பிட்டு விஷம் ஏறியவர்கள் உண்டு.

முதல் பருவத்தில் வாடல் அதிகமாக வரும் மூலையில் பத்து சென்ட் மட்டும் ஒட்டு நாற்று நடுங்கள். இடையிடையே ஒட்டாத நாற்றும் ஒரு வரிசை இருக்கட்டும். எந்த வரிசையில் எத்தனை செடி வாடியது என்று வாரம் ஒருமுறை எண்ணி எழுதி வையுங்கள். மீதி நிலத்துக்குச் செலவழிப்பதா வேண்டாமா என்பதை அந்தக் கணக்கைப் பார்த்து முடிவு செய்யலாம்.