தம்பிக்கு சிகிச்சை: அக்காவுக்குப் பள்ளி என்ன செய்யலாம்?

கேள்வி: என் ஆறாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் ஐந்து வயது தம்பிக்கு ரத்தப் புற்றுநோய். அம்மா அவனோடு சென்னையில் தங்கியிருக்கிறார். இவள் ஊரில் பாட்டியிடம் இருக்கிறாள். வீட்டுப்பாடம் செய்வதில்லை; அடிக்கடி வயிற்றுவலி என்கிறாள். எப்படி உதவுவது?
– ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: பார்க்கிறவர்கள் எல்லோரும் அவளிடம் 'தம்பி எப்படி இருக்கான்?' என்றுதான் கேட்பார்கள். பள்ளியிலாவது 'நீ சாப்பிட்டியா, ராத்திரி தூங்கினியா' என்று கேளுங்கள். தம்பி பேச்சை அவளே எடுத்தால் முழுசாகக் கேளுங்கள். வயிற்றுவலியை நடிப்பென்று ஒதுக்காதீர்கள். மனசிலுள்ள பயம் உடம்பில் வலியாக வருவது இந்த வயதில் சகஜம், வலி நிஜம். ஒருமுறை மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். 'நான் அடிச்சதாலதான் அவனுக்கு வந்துச்சு' என்ற எண்ணமும் உள்ளே இருக்கலாம். இது யாராலும் வந்ததல்ல, ஒட்டிக்கொள்ளவும் செய்யாது என்று நேரடியாகச் சொல்லிவிடுங்கள். வகுப்பில் சொல்வதானால் அவளும் பெற்றோரும் சம்மதித்த அளவுக்கு மட்டும். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அறிவிப்பது கூடவே கூடாது.

வீட்டுப்பாடத்துக்கு வருவோம். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இருப்பது அம்மாவின் போன். அது இப்போது சென்னை வார்டில் இருக்கிறது. நாளைக்கு கிராஃப் ஷீட் வேண்டும் என்பது பாட்டிக்கு எப்படித் தெரியும்? டைரியில் எழுதி அனுப்புங்கள். கிராஃப் ஷீட், சார்ட் எல்லாம் வகுப்பிலேயே அவளுக்கென்று எடுத்து வையுங்கள். பத்து கணக்கு கொடுத்தால் அவளுக்கு நான்கு போதும், அதையும் கடைசி பீரியடில் முடிக்க விடுங்கள். மொத்தமாகத் தள்ளுபடி செய்தால், தன்னை ஒதுக்கிவிட்டதாகவே நினைப்பாள்.

இன்னொன்று மிக அவசரம். வகுப்பில் யாருக்காவது சின்னம்மையோ தட்டம்மையோ வந்தால் அன்றைக்கே இவளுடைய பெற்றோருக்கு போன் செய்யுங்கள். கீமோ (புற்றுநோய்க்கான மருந்து சிகிச்சை) எடுக்கும் குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்தாகலாம். லீவு லெட்டரில் பலர் 'காய்ச்சல்' என்றுதான் எழுதுவார்கள், விசாரித்துக்கொள்ளுங்கள். சின்னம்மை கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவும். தொற்றியபின் 21 நாள் வரைகூட வெளியே தெரியாமல் இருக்கலாம். அதனால் 'இவள் நல்லாத்தானே இருக்கிறாள்' என்று தம்பியைப் பார்க்க அழைத்துப் போகக் கூடாது. அவனுடைய மருத்துவரைக் கேட்ட பிறகே போகலாம்.

குழந்தைகளுக்கு அதிகம் வரும் வகை ரத்தப் புற்றுநோய்க்கு சிகிச்சை 2 முதல் 3 ஆண்டுகள் நடக்கும். ஜூனில் வகுப்பு மாறும்போது இந்த விவரங்களை அடுத்த ஆசிரியரிடம் நீங்களே நேரில் சொல்லுங்கள். தூக்கமின்மையும் அழுகையும் வாரக்கணக்கில் நீடித்தால், அரசின் மனநல உதவித் தொலைபேசி சேவையான டெலி மானஸ் 14416 எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாக ஆலோசனை கிடைக்கும், நீங்களும் பேசலாம்.