சேணத்துக்கு அடியில் என்ன போடுகிறீர்கள்? – வாங்குவோர் கேள்வி-பதில்

ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தை முடிந்ததும் குதிரை பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை பாதிக்கு மேல் சேண மெத்தை பற்றியவை. கடைகளில் சேடில் பேட் என்று விற்பதைத்தான் சொல்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கே: எங்க வெள்ளைக் குதிரைக்கு மெரூன் மெத்தை எடுப்பா இருக்குமா, நீலமா? கல்யாண ஊர்வலத்துக்கும் போகுமுங்க. – திருப்பூர்

ப: சாயம் போகாத எந்த நிறமும் சரி. ஈர வெள்ளைத் துணியால் இருபது தடவை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால், வேர்வையில் குதிரையின் தோலிலும் ஏறும். மேல்பக்கம் உங்கள் விருப்பம். அடிப்பக்கம் மட்டும் வெளிர் நிறமாக இருக்கட்டும். அழுக்கும் ரத்தப் பொட்டும் அதில்தான் கண்ணுக்குத் தெரியும்.

கே: என்னுடையது மார்வாரி ரகக் குதிரை, 15 கை உயரம் (ஒரு கை என்றால் நாலு அங்குலம்). சேணம் முன்பக்கம் கொஞ்சம் இறுக்கம்னு தோணுச்சு. கடைக்காரர் ஒரு அங்குல ஜெல் மெத்தை போட்டால் சரியாகிவிடும் என்றார். போட்ட பிறகு தோள்பட்டைக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உரோமம் உதிர்கிறது. இன்னும் தடிமனாக வாங்கலாமா? – பெருந்துறை

ப: வேண்டாம். முதலில் சேணத்தையே இறக்கி வையுங்கள். உரோமம் முழுதாக முளைத்து, விரலால் அழுத்தினாலும் குதிரை தோலைச் சிலிர்க்காமல் நிற்கும் வரை ஏறக் கூடாது. கையில் கயிறு பிடித்து நடத்துவதோடு நிறுத்துங்கள்.

இந்த ஒரு விஷயத்தை எத்தனை தடவை எழுதினாலும் எனக்கு ஆறாது. இறுக்கமான செருப்புக்குள் தடித்த காலுறை போட்டால் கால் என்னவாகும்? அதேதான் இங்கேயும். சேணத்தின் உள்ளே மரத்தாலோ பிளாஸ்டிக்காலோ செய்த சட்டம் இருக்கிறது. அதன் முன்பகுதி, கவிழ்த்த V எழுத்து போலத் தோள்மேட்டின் (கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேடு) மேல் உட்காரும். அந்த விரிவு குதிரையின் உடலுக்குக் குறுகியதாக இருந்தால், மெத்தை தடிக்கத் தடிக்க இடம் இன்னும் குறையும். சட்டத்தின் இரண்டு முனைகளும் தோள்பட்டை எலும்புக்குப் பின்னால் உள்ள சதையில் குத்தும். நாளடைவில் அந்தச் சதை வற்றிக் குழி விழும். சேணம் மேலே தூக்கி நிற்பதால் ஏறுபவர் ஆடுவார்; ஆட்டம் நிற்க வயிற்றுவாரை இழுத்துக் கட்டுவார்கள்; அழுத்தம் மறுபடியும் கூடும். விற்றவருக்கு ஒரு மெத்தை விற்றது. வலி மட்டும் வாயில்லா ஜீவனுக்கு.

மெத்தையைத் தொடும் முன் சேணத்தைச் சோதியுங்கள். மெத்தை இல்லாமல் வெறும் முதுகில் வையுங்கள். முன்வளைவுக்கும் தோள்மேட்டுக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். ஆள் ஏறிய பிறகும் இரண்டு விரல் மிஞ்ச வேண்டும். உள்ளங்கையை முன்பகுதிக்கு அடியில் மேலிருந்து கீழே மெதுவாக இறக்குங்கள். அழுத்தம் எங்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், ஓரிடத்தில் கை மாட்டக் கூடாது. அடியில் உள்ள இரண்டு திண்டுகளுக்கு நடுவில் முதுகுத்தண்டுக்கான கால்வாய் முன்னிருந்து பின் வரை மூன்று விரல் அகலமாவது இருக்கட்டும். நடுவயிற்றுக்கு நேர் மேலே கையை விட்டால் காற்று உலாவுகிறதா? அப்படியானால் சேணம் பாலம் போல இரண்டு முனையில் மட்டும் நிற்கிறது.

இந்தச் சோதனையில் தேறிய சேணத்துக்கு மெல்லிய பருத்தி மெத்தையோ அரை அங்குல ஃபெல்ட்டோ (இழைகளை நெய்யாமல் அழுத்திச் செய்த தடித்த துணி) போதும். கொஞ்சம் அகலமான சேணத்தை, முன்பக்கம் மட்டும் மெல்லிய ஃபெல்ட் துண்டு வைத்துத் தற்காலிகமாகச் சமாளிக்கலாம். அதற்குள் சேணத் தொழிலாளியிடம் கொடுத்துத் திண்டில் பஞ்சு சரிசெய்யுங்கள். குறுகிய சேணத்துக்கு எந்த மெத்தையும் மருந்தில்லை. உங்களுடையது குறுகியது. சேணத்தை மாற்றுங்கள்.

கே: கோடைக்கு நியோபிரீன் மெத்தை நல்லதுங்களா? கழுவ சுலபம்கறாங்க. – தாராபுரம்

ப: கழுவத்தான் சுலபம். நானும் ஒன்று வாங்கிக் காசைத் தொலைத்தேன். காற்றே புகாத ரப்பர் அது. உங்கள் ஊர் வெயிலில் அரை மணி நேரத்தில் முதுகு வெந்துவிடும்.

கே: "100% கம்பளி ஃபெல்ட்"னு சீட்டு ஒட்டின மெத்தை. தண்ணி ஊத்திப் பார்த்தேன், குடிக்கவே இல்லை, முத்து முத்தா உருண்டுச்சு. ஏமாந்துட்டேனுங்களா? – காங்கேயம்

ப: தண்ணீர்ச் சோதனையை வைத்து முடிவு கட்டாதீர்கள். நல்ல கம்பளியின் மேலும் துளி உருளும், ஏனென்றால் இழையின் மேல்தோல் நீரைத் தள்ளும். வேர்வை ஆவியை உள்ளே இழுத்துக்கொள்வதுதான் கம்பளியின் குணம். தன் எடையில் முப்பது சதவீதம் வரை ஈரம் வாங்கியும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது.

நெருப்புதான் உண்மை சொல்லும். ஓரத்திலிருந்து நாலைந்து இழை பிடுங்கி, இடுக்கியில் பிடித்து, வீட்டுக்கு வெளியே கொளுத்துங்கள். கம்பளி தலைமுடி கருகும் நாற்றம் அடிக்கும், தீயை எடுத்ததும் தானே அணையும், சாம்பல் விரலில் நசுங்கும். பாலியஸ்டர் உருகிச் சொட்டும். ஆறினால் கெட்டி மணியாகும். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பல் மிருதுவாக விழும். மேலே ஒரு இழை, உள்ளே ஒரு இழை, அடியில் ஒரு இழை என்று மூன்று இடத்தில் எடுங்கள். மேலே கம்பளியும் நடுவில் கலப்பும் வைத்து அழுத்துகிறவர்கள் உண்டு. வெட்டு விளிம்பில் சிவப்பு, பச்சை, நீலம் என்று பல நிறப் பொட்டுகள் தெரிந்தால் பழைய கம்பளித் துணியைக் கிழித்து மறுபடி அழுத்திய சரக்கு; அதில் அக்ரிலிக் கலந்திருப்பது சகஜம்.

இழை உருகினால் சீட்டையும் மெத்தையையும் ரசீதையும் சேர்த்துப் படம் எடுத்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பொய்ச் சீட்டு ஒட்டி விற்றது அவர் தவறு. அடித்துப் பேசிப் பணத்தைக் கேளுங்கள்.

கே: ஈரோட்டுப் பக்கம் ஒருவர் "மேச்சேரி ஆட்டுத்தோல் மெத்தை, அசல் கம்பளி" என்கிறார். வாங்கலாமா? – சங்ககிரி

ப: மேச்சேரி ஆட்டுக்குக் கம்பளியே கிடையாது, குட்டை முடிதான். அதன் தோல் பதனிட்ட தோலுக்குப் பேர் பெற்றது, மெத்தைக்கு அல்ல. அவர் காட்டும் பொருளின் பஞ்சை விரலால் பிளந்து பாருங்கள். அடியில் தோல் தெரிய வேண்டும். பின்னல் துணி தெரிந்தால் செயற்கை.

கே: பவானி ஜமக்காளத்தை நாலாய் மடித்துப் போடுகிறோம். அப்பா காலத்திலிருந்து இதுதான். தப்பா? – பவானி

ப: மெதுநடைக்கு, ஒரு மணி நேரத்துக்குள் என்றால், தப்பில்லை. பழைய குதிரைப் படைகளிலும் மடித்த கம்பளிதான் மெத்தை. ஆனால் அந்தச் சேணங்கள் அதற்கென்றே செய்யப்பட்டவை. மூன்று விஷயம் பாருங்கள். முழுப் பருத்தியாக இருக்க வேண்டும். செயற்கைப் பட்டு ஊடை போட்ட பளபள ரகம் வேர்வையை வாங்காது, வழுக்கும். மடிப்பு விளிம்பு முன்பக்கம் சேணத்தைத் தாண்டி இரண்டு அங்குலம் வரட்டும், அடியில் எங்கும் சுருக்கம் நிற்கக் கூடாது. குஞ்சம், முடிச்சு, தையல் எதுவும் சேணத்துக்கு அடியில் போகக் கூடாது. ஓட்டம், நெடுந்தூரம் என்றால் இது போதாது. ஜமக்காளம் நடுவில் கூடாரம் போல எழாமல் முதுகுத்தண்டின் மேல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

கே: என் குதிரை நாட்டு ரகம், 13 கை. இப்போதுதான் ஏறப் பழகுகிறேன். எந்த அளவு மெத்தை வாங்க வேண்டும், எப்படி அளப்பது? – கோபி, கல்லூரி மாணவி

ப: வாங்கும் முன் கேட்டீர்களே அம்மிணி, அதுவே பெரிது.

சேணத்தைக் கவிழ்த்து, அடிப்பக்கம் முன்னிருந்து பின் வரை டேப் வைத்து அளங்கள். முன்னும் பின்னும் இரண்டிரண்டு அங்குலம் சேருங்கள். அதுதான் மெத்தையின் முதுகு நீளம். பக்கவாட்டுத் தோல் மடல் எவ்வளவு தொங்குகிறதோ அதைவிட இரண்டு அங்குலம் கீழே வர வேண்டும். "ஃபுல்", "போனி" என்று பெரிய குதிரை, சின்னக் குதிரை அளவு சொல்லி விற்பதை நம்பாதீர்கள். கடைக்குக் கடை மாறும். அங்குலக் கணக்கில் கேளுங்கள்.

அடுத்தது வடிவம். மெத்தையை ஓரமாகப் பிடித்து முதுகுத் தையலைப் பாருங்கள். நேர்க்கோடாக இருந்தால் தோள்மேடு எழும்பிய குதிரைக்கு ஆகாது. தோள்மேட்டில் மேலேறி நடுவில் இறங்கும் வளைவு வேண்டும். உங்களிடம் அலுமினியக் கம்பி இருந்தால், தோள்பட்டை எலும்புக்கு இரண்டு விரல் பின்னால் முதுகின் குறுக்கே அழுத்தி வளைத்து, அட்டையில் வரைந்து வெட்டிக்கொள்ளுங்கள். அந்த அட்டையைக் கடைக்குக் கொண்டுபோய்ச் சேணத்துக்கும் மெத்தைக்கும் வைத்துப் பார்க்கலாம்.

கடையிலேயே கட்டைவிரலால் ஓரிடத்தை பத்து எண்ணும் வரை அழுத்துங்கள். விட்டதும் எழாத நுரை, ஒரு மாதத்தில் அப்பளமாகும். தையலை முன்கையின் உள்பக்கத்தில் தேய்த்துப் பாருங்கள். உங்களுக்கு உறுத்தினால் அதற்கும் உறுத்தும்.

போடும்போது தோள்மேட்டுக்கு முன்னால் வைத்துப் பின்னோக்கி இழுங்கள், உரோமம் படியும். ஒருநாளும் முன்னோக்கித் தள்ளாதீர்கள். பிறகு நடுவில் விரல் விட்டு மெத்தையைச் சேணத்தின் கால்வாய்க்குள் தூக்கிவிட்டு வாரைக் கட்டுங்கள்.

கே: ஆன்லைனில் ஃபுல் சைஸ் கம்பளி மெத்தை ஆர்டர் செய்தேன். வந்தது போனி அளவு, அதுவும் பாலியஸ்டர். விற்றவர் "ரிட்டர்ன் கிடையாது" என்று முடித்துவிட்டார். 3,400 ரூபாய் போச்சு. – பல்லடம்

ப: போகவில்லை. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப வாங்க மறுக்க, 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகள் விற்பவருக்கு இடம் தரவில்லை. அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நகராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம், விற்றவர் எந்த மாநிலத்தில் இருந்தாலும் சரி. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

விளம்பரப் பக்கத்தை இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள், மாற்றிவிடுவார்கள். மெத்தையைத் துவைக்காதீர்கள், குதிரை மேல் போடாதீர்கள். உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, விடாதீர்கள்.

கே: ஆறு குதிரை வைத்து ஏற்றம் சொல்லிக் கொடுக்கிறோம். மூன்று மெத்தையை மாற்றி மாற்றிப் போடுகிறோம். எல்லாக் குதிரைக்கும் வட்ட வட்டமாக முடி கொட்டுகிறது. மெத்தை தரக்குறைவா? – பொள்ளாச்சி

ப: மெத்தையைக் குறை சொல்லாதீர்கள். ஒரே துண்டை வீட்டில் ஆறு பேர் துடைப்பீர்களா? வட்டமாகக் கொட்டுவது படர்தாமரையாக இருக்கலாம். மெத்தை, பிரஷ், வயிற்றுவார் எல்லாவற்றிலும் ஒட்டிப் பரவும், ஏறுகிற பிள்ளைகளுக்கும் தொற்றும். இன்றைக்கே நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். இனி குதிரைக்கு இரண்டு மெத்தை: ஒன்று போட்டிருக்க, ஒன்று காய. ஓரத்தில் பெயர் தையுங்கள். பருத்தியைக் குளிர்ந்த நீரில், குறைந்த சோப்பில் துவைத்து நுரை நிற்கும் வரை அலசுங்கள். மிச்ச சோப்பு வேர்வையில் கரைந்து தோலை அரிக்கும். பிளீச்சும், துணிக்கு வாசம் ஏற்றும் திரவமும் வேண்டாம். கம்பளி ஃபெல்ட்டை மெஷினில் போட்டால் சுருங்கும். காய்ந்ததும் கெட்டி பிரஷால் உதறி, தேவைப்பட்டால் நீர் பீய்ச்சி, நிழலில் தட்டையாக உலர்த்துங்கள்.

கே: கொரங்காட்டில் (மேய்ச்சல் நிலம்) ஓட்டுகிறோம். புசுபுசு ஃபிளீஸ் மெத்தையில் ஊசிப்புல் ஏறிக்கொள்கிறது. – வெள்ளகோவில்

ப: ஃபிளீஸை விடுங்கள். அடிப்பக்கம் வழவழப்பான பருத்தி.

கே: சந்தையில் வாங்கின குதிரைங்க. தோள்மேட்டில் கறுப்பு பூசியிருந்தாங்க. குளிப்பாட்டினப்ப வெள்ளை முடித் திட்டு இரண்டு தெரிஞ்சுது. பில் எதுவும் இல்லை. நல்ல மெத்தை போட்டால் மறையுமா? – அந்தியூர்

ப: மனசு கஷ்டமாக இருக்கிறது. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். அந்த வெள்ளை முடி, முன்பு சேணம் அழுத்தி மயிர்க்கால் கெட்ட இடம். பெரும்பாலும் நிறம் திரும்பாது, எந்த மெத்தையும் அதை மாற்றாது. ஆனால் குதிரை வீணாகிவிடவில்லை. திட்டின் மேலும் சுற்றிலும் விரல் நுனியால் மெல்ல அழுத்துங்கள். முதுகைத் தாழ்த்துகிறதா, காதைப் பின்னால் மடிக்கிறதா, கடிக்கத் திரும்புகிறதா? அப்படிச் செய்தால் வலி இன்னும் இருக்கிறது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். எதுவும் செய்யாமல் நின்றால் அது பழைய தழும்பு.

விற்றவர் கைபேசி எண், சாட்சி, பணம் அனுப்பிய பதிவு இருந்தால் முதலில் நேரில் பேசிப் பாருங்கள். சந்தையில் கைக்குக் கை விற்றவர் மேல் ரசீது இல்லாமல் வழக்கு நடத்துவது கடினம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

வலி இல்லையென்றால், பெருந்துறைக்காரருக்குச் சொன்னபடி சேணத்தைச் சோதித்து, அரை அங்குலக் கம்பளி ஃபெல்ட் போட்டு நாற்பது நிமிடம் ஓட்டுங்கள். இறக்கியதும் வேர்வைத் தடத்தைப் பாருங்கள். முதுகுத்தண்டு நெடுக ஈரமில்லாத கோடு இருந்தால் சரி. இரண்டு பக்கமும் சீராக நனைந்திருக்க வேண்டும். நனைந்த இடத்தின் நடுவே உள்ளங்கை அளவு காய்ந்த திட்டு, அதுவும் பழைய தழும்பின் மேல், தெரிந்தால் அங்கே அழுத்தம் இருக்கலாம். அன்றோடு அந்தச் சேணத்தை நிறுத்துங்கள். தடம் சீராக இருந்தாலும் மறுநாள் காலை கையால் தடவி, வீக்கமோ சூடோ இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுத்த ஓட்டம்.