கனடாவின் போர்க் கதைகள்: நீங்கள் கேட்டவை

நவம்பர் பிறந்துவிட்டது. பிள்ளைகள் போரில் இறந்தவர்களின் நினைவாகச் சட்டையில் சிவப்புப் பொப்பிப் பூ குத்திக்கொண்டு பள்ளிக்குப் போகிறார்கள், கேள்விகளோடு வீடு திரும்புகிறார்கள். எனக்கு வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

வெள்ளை மாளிகையை எரித்தது கனேடியர்கள்தானே? வகுப்பில் எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள். (எட்டாம் வகுப்பு மாணவி, ஸ்காபரோ)

இல்லை மகள். 1814 ஆகஸ்டில் எரித்தது அமெரிக்காவோடு போரிட்ட பிரிட்டிஷ் படை. கனடா என்ற நாடே 1867இல்தான் உருவானது. ஆனால் வெள்ளை மாளிகை எரிவதற்கு முந்தைய ஆண்டு, 1813 ஏப்ரலில், அமெரிக்கர்கள் யோர்க் என்ற சிற்றூரைப் பிடித்தார்கள். அப்போது அங்கிருந்த சட்டமன்றக் கட்டடம் எரிந்துபோனது. அந்த யோர்க்தான் நீ இருக்கும் ரொறன்ரோ. அதையும் வகுப்பில் சொல்.

ஒரு கனேடிய விமானி இலங்கையைக் காப்பாற்றினார் என்று அப்பா சொல்வார். உண்மையா?

உண்மைதான் அண்ணா. அவர் பெயர் லெனார்ட் பிர்ச்சல். கனேடிய விமானப்படையின் 413ஆம் படையணி ஸ்கொட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுகளில் இருந்தது. அங்கிருந்து அதை அவசரமாகக் காலிக்குப் பக்கத்தில் உள்ள கொக்கலைக்கு அனுப்பினார்கள். அவர்களுடைய விமானம் கட்டலினா. தண்ணீரில் இறங்கி ஏறும் பறக்கும் படகு அது, வேகம் குறைவு.

1942 ஏப்ரல் 4. நாள் முழுக்கக் கடலுக்கு மேல் சுற்றிவிட்டுத் திரும்பும் நேரத்தில் தொடுவானத்தில் சில புள்ளிகள் தெரிந்தன. என்னவென்று பார்க்க பிர்ச்சல் கிட்டப் போனார். பேர்ல் ஹார்பரைத் தாக்கிய அதே ஜப்பானியக் கப்பற்படை! கப்பல்களை எண்ணி, இடத்தையும் போகும் திசையையும் வானொலியில் அனுப்பத் தொடங்கினார்கள். செய்தியைத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும்போதே விமானம் சுடப்பட்டுக் கடலில் விழுந்தது. ஒன்பது பேரில் மூவர் இறந்தார்கள், ஆறு பேர் பிடிபட்டார்கள்.

மறுநாள் ஈஸ்டர் ஞாயிறு. கொழும்பில் குண்டு விழுந்தது. ஆனால் எச்சரிக்கை முன்பே வந்திருந்ததால் துறைமுகத்திலிருந்த கப்பல்களில் பெரும்பாலானவை வெளியே போயிருந்தன. ஏப்ரல் 9இல் திருகோணமலையைத் தாக்கினார்கள். அன்றுதான் ஹெர்மிஸ் என்ற பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது.

இதோடு கதையை முடித்துவிடுகிறார்கள். பிறகு நடந்ததை நான் இன்னும் பெரிதாக நினைக்கிறேன். போர் முடியும்வரை பிர்ச்சல் ஜப்பானிய முகாம்களில் கைதி. நோயாளிகளையும் வேலைக்கு அனுப்பியபோது, அவர்களுக்காகத் தன் ஆட்களை வேலைநிறுத்தம் செய்ய வைத்தார். அடி வாங்கினார், விட்டுக்கொடுக்கவில்லை.

செயின்ட் ஜோன்ஸில் படிக்கும் என் மகன், அங்கே கனடா தினத்தன்று காலையில் கொண்டாட்டமே இல்லை என்கிறான். ஏன்?

நியூஃபவுண்ட்லாந்துக்கு அந்த நாள் துக்க நாள் அக்கா. 1916 ஜூலை 1 காலை, பிரான்சில் பூமோன் ஹமல் என்ற இடத்தில் நியூஃபவுண்ட்லாந்துப் படைப்பிரிவின் ஏறத்தாழ 800 பேர் ஜெர்மானியத் துப்பாக்கிகளை நோக்கி மேட்டிலிருந்து இறங்கினார்கள். அரைமணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மறுநாள் பெயர் கூப்பிட்டபோது பதில் சொல்ல 68 பேர்தான் இருந்தார்கள். சின்னஞ்சிறிய மீனவர் தீவு அது. எத்தனை வீடுகளுக்குத் தந்தி போயிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

அப்போது அது கனடாவோடு சேரவில்லை. சேர்ந்தது 1949இல். அதனால்தான் காலையில் அஞ்சலி, அப்புறம் கொண்டாட்டம். பொப்பிக்குப் பதிலாக நீல நிற மறவாதே பூவை அணிவார்கள். 2024 ஜூலை 1இல், பெயர் தெரியாத அவர்களுடைய வீரர் ஒருவரின் உடலைப் பிரான்சிலிருந்து கொண்டுவந்து செயின்ட் ஜோன்ஸில் அடக்கம் செய்தார்கள். மகனை அங்கே ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள்.

வின்னி கரடி பொம்மைக்கும் இராணுவத்துக்கும் என்ன தொடர்பு?

1914 ஆகஸ்டில் ஹாரி கோல்போர்ன் என்ற இராணுவக் கால்நடை மருத்துவர், ஒன்ராறியோவின் வைட் ரிவர் ரயில் நிலையத்தில் ஒரு கரடிக்குட்டியை 20 டொலருக்கு வாங்கினார். தன் ஊரான வின்னிபெக்கின் பெயரையே வைத்தார். பிரான்சுக்குப் போகுமுன் லண்டன் மிருகக்காட்சி சாலையில் விட்டுப் போனார். அங்கே பிள்ளைகளுக்குச் செல்லமான அந்தக் கரடியின் பெயர்தான் இந்த வின்னி.

மேப்பிள் இலைக் கொடிக்குப் பின்னால் ஒரு போர் இருக்கிறதாமே?

1956 சூயஸ் நெருக்கடி. ஐ.நா. அமைதிப்படை என்ற யோசனையை முன்வைத்தவர் அன்றைய கனேடிய வெளியுறவு அமைச்சர் லெஸ்டர் பியர்சன். ஆனால் கனேடியப் படையை ஏற்க எகிப்து தயங்கியது. காரணம், எகிப்தைத் தாக்கிய பிரிட்டனின் கொடி கனடாவின் கொடியிலும் ஒரு மூலையில் இருந்தது. அனுப்பவிருந்த படைப்பிரிவின் பெயரிலும் இராணி இருந்தார். பியர்சனுக்கு 1957இல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிரதமராக இருந்தபோது, 1965 பிப்ரவரி 15இல், இலைக்கொடி ஏறியது.

போர் நினைவு நாளான நவம்பர் 11இல் ஒட்டாவா போகிறோம். எதைப் பார்க்கலாம்?

போர் நினைவுச்சின்னத்தில் கூட்டம் அதிகமாக இருக்கும். போர் அருங்காட்சியகத்துக்கும் போங்கள். அங்கே நினைவு மண்டபத்தில், பெயர் தெரியாத கனேடிய வீரரின் கல்லறையில் முன்பு இருந்த கல் மட்டும் தனியே நிற்கிறது. சரியாக 11 மணிக்கு, ஒரே ஒரு சன்னல் வழியாக வரும் வெயில் அந்தக் கல்லின்மேல் விழும்படி கட்டியிருக்கிறார்கள். ஆண்டில் அந்த ஒரு நாள்தான் அப்படி. வானம் மூடாமல் இருக்கவேண்டும்.