ஆறு மணி ரோல் கால்

மதிப்பிற்குரிய ஐயா,

எம்.எஸ்சி. உளவியல் முடித்துவிட்டு வேலூரில் இரண்டு வருடமாக ஆலோசகராக இருக்கிறேன். கல்லூரிப் பிள்ளைகளுக்கு வேலைவழிகாட்டல், ஒரு தொண்டு அமைப்பு வழியாக முன்னாள் படைவீரர்களுக்கு ஆலோசனை என்று இரண்டும் பார்க்கிறேன். ஏதாவது ஒன்றில் சிறப்புப் பயிற்சி எடுக்கலாமென்று இருக்கிறேன். மூன்று நாள் ட்ராமா (மனஅதிர்ச்சி) பயிற்சி ஒன்று இருக்கிறது, ஆறு வார கரியர் கவுன்சலிங் சான்றிதழ் ஒன்று இருக்கிறது. எதில் சேரட்டும்? படைவீரர்களை முதலில் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டவைத்துவிட்டால், பிறகு வேலைக்கு மோட்டிவேட் செய்வது சுலபம் என்று நினைக்கிறேன். சரிதானே? என் அப்பா வயதுக்காரர்கள் இருபத்தாறு வயதுப் பெண்ணிடம் பேசுவார்களா என்ற தயக்கமும் உண்டு. முதல் நாளே படிவத்தை வாசித்துக் கேட்டால் மதிப்பெண் ஏழுதான் வருகிறது; வருகிறவர்கள் எல்லாரும் “ஓகே மேடம்” என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

ம.

அன்புள்ள ம.,

வயதுத் தயக்கத்தை விடுங்கள். பேசுவார்கள். சிப்பாய், நாயக், ஹவில்தார், நாயப் சுபேதார், சுபேதார் என்ற வரிசையை மட்டும் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளுங்கள். சுபேதாராக ஓய்வு பெற்றவரைச் சிப்பாய் என்று சொல்லிவிட்டால் அன்றைய பேச்சு அதோடு போயிற்று.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்துக்கொண்டது அந்த “ஓகே மேடம்”தான். அது எங்கிருந்து வருகிறது என்று யோசித்தீர்களா? ராணுவத்தில் உடல்தகுதிக்கு ‘ஷேப்’ என்று ஓர் அளவுகோல். அதன் முதல் எழுத்தே மனநலம்; பிறகு கேட்கும் திறன், கைகால், உடல், கண். ‘ஷேப் ஒன்’ என்றால் முழுத் தகுதி. தூக்கமில்லை, கை நடுங்குகிறது என்று வாய்திறந்தால் ‘லோ மெடிக்கல் கேட்டகரி’, அதாவது தகுதி குறைந்தவர் என்ற முத்திரை. பதவி உயர்வுக்கும் போஸ்டிங்குக்கும் இடைஞ்சல். பதினேழு வருடம் அந்தப் பயத்தோடு “ஓகே சார்” சொன்ன மனிதரிடம், அறிமுகமான ஐந்தாவது நிமிடத்தில் நீங்கள் படிவத்தை நீட்டுகிறீர்கள். அவர் வேறென்ன சொல்வார்? நீங்கள் நீட்டும் பி.சி.எல்.5, அதாவது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஉளைச்சலை (பி.டி.எஸ்.டி.) அளக்கும் படிவம், நல்ல கருவிதான். இருபது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் பூஜ்யம் முதல் நான்கு, மொத்தம் 80. 31-33ஐத் தாண்டினால் மேற்கொண்டு பார்க்க வேண்டும். ஆனால் முதல் சந்திப்பில் கடகடவென்று வாசித்து வாங்கிய ஏழு மதிப்பெண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

குடியைப் பற்றிக் கேட்பதிலும் இதே தவறு. “குடிப்பீங்களா?” என்றால் “எப்பவாவது மேடம்.” “கேண்டீன் பாட்டில் ஒண்ணு வாங்கினா எத்தனை நாள் வரும்?” என்று கேளுங்கள். 30 மில்லி ரம் ஏறத்தாழ பத்து கிராம் ஆல்கஹால், ஓர் அலகு. 750 மில்லி பாட்டிலில் 25 அலகு. மூன்று நாளில் தீர்கிறது என்றால் நாளுக்கு எட்டு. அந்தக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குடிப்பழக்கத்தை அளக்கும் ‘ஆடிட்’ படிவத்தின் பத்துக் கேள்விகளுக்குப் போங்கள். அதில் மொத்த மதிப்பெண் எட்டும் அதற்கு மேலும் என்றால் கவனம் தேவை. அப்படிக் குடிப்பவரிடம் “இன்னையிலிருந்து விட்டுடுங்க” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் ஓரிரு நாளில் வலிப்பு வரலாம். மருத்துவமனை வழியாகத்தான் நிறுத்த வேண்டும்.

இப்போது உங்களைக் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது. “கொட்டவைத்துவிட்டால்” என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொல்லிக்கொடுத்தது? நடந்ததை ஒரே அமர்வில் சொல்லவைத்து முடித்துவிடும் முறையை உலகம் முழுக்கச் சோதித்துப் பார்த்தாயிற்று. பலன் இல்லை, சிலருக்குக் கெடுதலும் செய்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்கிறது. நினைவுகளை முறையாக எதிர்கொள்ளவைக்கும் சிகிச்சைகள் வேறு. அவை தொண்ணூறு நிமிட அமர்வுகளாக எட்டு முதல் பதினைந்து வரை போகும். சிந்தனையைச் சீர்செய்யும் வகையில் பன்னிரண்டு அமர்வு. இவற்றை மூன்று நாளில் கற்கவும் முடியாது, மேற்பார்வை இல்லாமல் செய்யவும் கூடாது. அடையாளம் கண்டு, சரியான இடத்துக்கு அனுப்பி, அனுப்பிய பிறகும் கைவிடாமல் இருப்பதுதான் உங்கள் வேலை. ராத்திரியில் யாரும் கிடைக்காவிட்டால் 14416, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ்; அதைச் சீட்டில் எழுதிக் கையில் கொடுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் முளைத்துவிடாது. அவர் வங்கிக் காவலராக இருந்து கையில் லைசென்ஸ் துப்பாக்கி இருந்தால், ராத்திரி அது எங்கே இருக்கிறது என்பதையும் கேட்டாக வேண்டும்.

சரி, எந்தப் பயிற்சி? எதில் வேண்டுமானாலும் சேருங்கள். ஆனால் ஒன்று சொல்கிறேன்: தன் பேச்சின் ஒலிப்பதிவைத் தானே உட்கார்ந்து கேட்காத ஆலோசகரை நான் பயிற்சி பெற்றவராக எண்ணுவதில்லை, சுவரில் எத்தனை சான்றிதழ் தொங்கினாலும். வில்லியம் மில்லரும் அவரோடு இருந்தவர்களும் 2004இல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. போதைச் சிகிச்சையில் இருந்த 140 தொழில்முறையாளர்களுக்கு ஊக்க நேர்காணலில், அதாவது மாறுவதற்கான காரணத்தை வருகிறவரே சொல்லும்படி பேசும் முறையில், பயிற்சி கொடுத்தார்கள். பட்டறை முடிந்ததும் திறன் ஏறியது. பட்டறையோடு விட்டுவிட்டவர்களுக்கு நான்கு மாதத்தில் அது இறங்கிவிட்டது. பதிவைக் கேட்டுக் குறை சொல்ல ஆள் இருந்தவர்களுக்கும், தொலைபேசியில் வழிகாட்டல் கிடைத்தவர்களுக்கும் அது இறங்காமல் நிலைத்தது. இதை ஒருவர்கூடப் பயிற்சி விளம்பரத்தில் போடுவதில்லை.

எப்படிச் செய்வது? வருகிறவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். யார் கேட்பார்கள், என்றைக்கு அழிப்பீர்கள் என்பதும் அந்தத் தாளில் இருக்கட்டும். மறுத்தால் விட்டுவிடுங்கள், வற்புறுத்தக் கூடாது. போனை ஃப்ளைட் மோடில் வைத்துப் பதியுங்கள். அன்றிரவே, நடுவிலிருந்து இருபது நிமிடத்தை எடுத்துக் கேளுங்கள். உங்கள் வாயிலிருந்து வந்த ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு குறி: கேள்வி என்றால் ‘கே’, அவர் சொன்னதை உங்கள் சொல்லில் திருப்பிக் கொடுத்திருந்தால் ‘தி’, அறிவுரை என்றால் ‘அ’. ஒரு கேள்விக்கு இரண்டு ‘தி’ இருந்தால் தேர்ச்சி, ஒன்றுக்கு ஒன்று பரவாயில்லை. புதியவர்களின் தாளில் ‘கே’யும் ‘அ’வும்தான் நிரம்பிக் கிடக்கும். அந்த ‘தி’களிலும் பாதியாவது, அவர் சொன்னதற்கு ஓரடி உள்ளே போயிருக்க வேண்டும், கிளிப்பிள்ளை போலத் திருப்பிச் சொன்னது கணக்கில் வராது.

ஓர் உதாரணத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். அவர் சொல்கிறார்: “வீட்ல எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கறாங்க. சாயங்காலம் ஆச்சுன்னா எனக்குத்தான் உள்ள இருக்க முடியல.”

“எப்பலேருந்து சார் இப்படி இருக்கு?”

“ஒரு வருஷமா.”

“தூக்கம்?”

“ம்.”

“அந்த நேரத்துக்கு வாக்கிங் போய்ப் பாருங்களேன்.”

“ஓகே மேடம்.”

கே, கே, அ. முடிந்தது. அதே இடத்தில் இப்படிச் சொல்லியிருந்தால்? “பகலெல்லாம் தாங்குது. சாயங்காலம் வீடு தாங்க மாட்டேங்குது.” பிறகு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். அந்த ஐந்து நொடிதான் பயிற்சியிலேயே கஷ்டமான பாகம். எண்ணி முடிப்பதற்குள் அவர் தொடரக்கூடும்: “ஆறு மணிக்கு ரோல் கால் இருக்கும் மேடம். பேர் கூப்பிடுவாங்க. ஒருத்தன் இல்லன்னா தேடுவாங்க. இங்க யாரும் கூப்பிடறதில்ல.”

இந்தப் பதிலில் ட்ராமாவும் இருக்கிறது, வேலையும் இருக்கிறது. நீங்கள் இரண்டாகப் பிரித்து ஒன்றை மட்டும் கற்கப் பார்க்கிறீர்களே, அவை இங்கே ஒரே வாக்கியத்தில் கிடக்கின்றன. இந்த மனிதரை ஏ.டி.எம். வாசலில் ராத்திரி காவலுக்கு அனுப்பினால் என்ன ஆகும்? தனிமை, கெட்ட தூக்கம், பக்கத்தில் பாட்டில். பட்டாளத்துக்காரர் என்றாலே செக்யூரிட்டி என்று கை தானாக அங்கே போகிறது. இவருக்குத் தேவை நாலு பேரோடு ஷிப்ட் மாறும் இடம்: கிடங்கு, பேருந்துப் பணிமனை, மருத்துவமனைப் பராமரிப்பு. பேர் கூப்பிடும் இடம்.

“முதலில் குணமாகட்டும், அப்புறம் வேலை” என்பதும் பழைய கணக்கு. அமெரிக்காவில் பி.டி.எஸ்.டி. இருந்த 541 முன்னாள் படைவீரர்களைப் பன்னிரண்டு மையங்களில் பதினெட்டு மாதம் பார்த்து 2018இல் வெளியிட்டார்கள். ஒரு பாதிக்கு வழக்கமான இடைக்கால வேலை. மறு பாதிக்குச் சிகிச்சை நடக்கும்போதே வெளிச்சந்தையில் நிஜமான வேலை, கூடவே ஓர் ஆலோசகர். நிலையாக வேலையில் இருந்தவர்கள் முதல் தரப்பில் 23.3 சதவீதம், மறு தரப்பில் 38.7. அந்த முறையில் ஓர் ஆலோசகரிடம் இருபது பேருக்கு மேல் தருவதில்லை. அவர் அறையில் உட்கார்ந்திருக்கவும் முடியாது, முதலாளிகளை நேரில் போய்ப் பார்த்தாக வேண்டும். உங்கள் ஆறு வாரச் சான்றிதழில் இதற்கு எத்தனை நாள் என்று கேட்டுப் பாருங்கள்.

வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் கம்மவான்பேட்டைக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு இதையெல்லாம் நிதானமாகக் கற்கலாம் என்று நினைக்காதீர்கள். 2022 இறுதியில் சேர்ந்த முதல் அக்னிவீரர் தொகுதிக்கு 2026 இறுதியில் நான்கு வருடம் முடிகிறது. அதிகபட்சம் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் உள்ளே தங்கலாம். மற்றவர்கள் இருபதுகளிலேயே வெளியே. கையில் ஏறக்குறைய 11.71 லட்சம், பென்ஷன் கிடையாது. அந்தப் பையன் உங்களுடைய எந்தக் கோப்பில் வருவான், படைவீரரா, வேலை தேடும் இளைஞனா? பணம் வந்த வாரமே மாமா நிலம் பார்த்து வைத்திருப்பார், நண்பன் கார் ஓட்டலாம் என்பான். முதல் மூன்று மாதம் அதை வங்கியிலேயே கிடக்கவிடும்படி பேசிப் பாருங்கள். ‘அ’வுக்கு முன்னால் நாலு ‘தி’ போட்டுவிட்டு. பயோடேட்டாவில் “ராணுவ சேவை, 4 ஆண்டு” என்று ஒரே வரியில் முடித்திருப்பான். அவனுடைய டிரேட் என்ன, எத்தனை வண்டிக்குப் பராமரிப்புப் பதிவேடு எழுதினான், ஸ்டோரில் எத்தனை வகைப் பொருளுக்குக் கணக்கு வைத்தான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதவையுங்கள். இதற்கு ஒரு மணி நேரமாவது ஆகும், அவசரப்படாதீர்கள்.

மோட்டிவேட் செய்வதை மறந்துவிடுங்கள். நாலு மணிக்கு எழுந்து ஓடியவனுக்கு அதை நீங்கள் சொல்லித்தர வேண்டியதில்லை.

இந்த வாரமே ஒரு பதிவு எடுங்கள். கேட்கும்போது அழுகை வந்தாலும் முழுசாகக் கேளுங்கள், முதல் தடவை எல்லாருக்கும் அப்படித்தான். எத்தனை கே, எத்தனை தி, எத்தனை அ என்று எண்ணிக்கையை மட்டும் எனக்கு எழுதுங்கள், அவர் பேசியதை அனுப்ப வேண்டாம். எந்தச் சான்றிதழ் என்பதை அதைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.