ஒரு ட்விட்டர் பதிவுக்காக டெட் பிஷப்பை நீக்கியது நியாயமா? ரைடர் கோப்பை கேப்டன் சண்டைக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

அமெரிக்காவின் கோல்ஃப் சங்கமான பிஜிஏ ஆஃப் அமெரிக்கா, 2014-ல் தன் தலைவர் பிஷப்பை நீக்கியது நியாயம்தான். ஆனால் அந்தப் பதிவை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தால், வாய் தவறிய ஒரு மனிதரின் கதையாகத்தான் அது தெரியும். அதற்கு இரண்டு வருடம் முன்பே, அமெரிக்க அணிக்குக் கேப்டனைத் தேர்ந்தெடுத்த விதத்திலேயே இது ஆரம்பித்துவிட்டது என்பது என் கருத்து.

கோல்ஃப் அதிகம் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: ரைடர் கோப்பை என்பது இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதுகிற போட்டி. பக்கத்துக்கு 12 பேர். மொத்தம் 28 ஆட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி. வருடம் முழுக்கத் தனித்தனியாக ஆடுகிறவர்கள் இந்த மூன்று நாளும் அணியாக ஆட வேண்டும். கேப்டன் மைதானத்தில் ஆடமாட்டார். யாரை யாரோடு ஜோடி சேர்ப்பது, யாரை உட்கார வைப்பது என்பதுதான் அவர் வேலை. அமெரிக்கப் பக்கம் இதை நடத்துவது பிஜிஏ ஆஃப் அமெரிக்கா. டிவியில் வாராவாரம் பார்க்கிற பிஜிஏ டூர் வேறு, இது வேறு. 2014-ல் இதில் சுமார் 27,000 பேர் உறுப்பினர்கள். பெரும்பாலும் கோல்ஃப் கிளப்புகளில் வேலை பார்ப்பவர்கள், பயிற்சி கொடுப்பவர்கள். பிஷப்பும் அப்படி இந்தியானா மாநிலத்தில் பிராங்க்ளின் என்ற ஊரில் ஒரு மைதானத்தை நடத்திவந்தவர். சங்கத்தின் 38-வது தலைவர்.

டாம் வாட்சனைக் கேப்டனாக்க வேண்டும் என்பது பிஷப்பின் சொந்த யோசனை. பொதுவாக அமெரிக்காவில் நாற்பதுகளில் இருக்கும், மேஜர் (வருடத்தின் நான்கு பெரிய போட்டிகளில் ஒன்று) ஜெயித்த, இன்னமும் ஆட்டத்தில் இருக்கிற ஒருவரைத்தான் கேப்டன் ஆக்குவார்கள். அந்த வரிசையில் டேவிட் டாம்ஸ் பெயர் பேசப்பட்டது. அதைத் தாண்டிப் போய் வாட்சனை அழைத்தார் பிஷப். வாட்சன் 8 மேஜர் வென்றவர். 1993-ல் அவர் கேப்டனாக இருந்தபோது இங்கிலாந்தின் பெல்ஃப்ரியில் ஜெயித்ததுதான் ஐரோப்பிய மண்ணில் அமெரிக்காவின் கடைசி வெற்றி. அந்த வெற்றியை ஸ்காட்லாந்தில் திரும்பவும் கொண்டுவருவார் என்பது கணக்கு. 2012 டிசம்பரில் நியூயார்க்கில் அறிவித்தார்கள். 2014 செப்டம்பரில் க்ளென்ஈகிள்ஸில் போட்டி நடந்தபோது அவருக்கு வயது 65. அணியில் இருந்த ஜோர்டன் ஸ்பீத்துக்கு 21. ஸ்பீத் பிறந்தது 1993 ஜூலை, வாட்சன் பெல்ஃப்ரியில் ஜெயித்தது அதே வருடம் செப்டம்பர்.

வயதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆட்டக்காரர்களிடம் கேட்காமல் முடிவெடுத்ததுதான் குறை. முதல் நாள் காலையில் ஸ்பீத்தும் பேட்ரிக் ரீடும் சேர்ந்து ஐரோப்பாவின் போல்ட்டர், கேலகர் ஜோடியை 5 அண்ட் 4 என்று நசுக்கினார்கள். அதாவது, நாலு குழி மிச்சம் இருக்கும்போதே ஐந்து குழி முன்னிலையில் ஆட்டத்தை முடித்துவிட்டார்கள். அன்று மதியம் இருவரையும் உட்கார வைத்தார் வாட்சன். மறுநாள் சனிக்கிழமை, காலையும் மதியமும், ஃபில் மிக்கெல்சனையும் கீகன் பிராட்லியையும் வெளியே வைத்தார். மிக்கெல்சனுக்கு அது பத்தாவது ரைடர் கோப்பை. ஒரு நாள் முழுக்க ஆடாமல் இருந்தது அதுவே முதல் தடவை. மதியமாவது ஆட விடுங்கள் என்று கேட்டும் நடக்கவில்லை. இருவர் ஒரே பந்தை மாற்றி மாற்றி அடிக்கும் ஃபோர்சம்ஸ் ஆட்டங்களில் இரண்டு நாளும் ஐரோப்பா 3.5–0.5 என்று வாரிச் சுருட்டியது. கடைசியில் 16.5–11.5.

அதற்கப்புறம் நடந்த செய்தியாளர் சந்திப்பை முடிந்தால் தேடிப் பாருங்கள். தோற்ற அணி முழுக்க ஒரே நீள மேசையில், கேப்டனும் கூடவே. 2008-ல் எப்படி ஜெயித்தீர்கள் என்று மிக்கெல்சனிடம் ஒருவர் கேட்கிறார். அப்போது கேப்டனாக இருந்த பால் ஏசிங்கர், 12 பேரை நாலு நாலு பேராகப் பிரித்தது, யார் கூட ஆடலாம், யாரைக் கடைசியாகச் சேர்க்கலாம் என்று அவர்களையே கேட்டது எல்லாவற்றையும் மிக்கெல்சன் நிதானமாகச் சொல்கிறார். இந்த வாரம் அப்படி நடந்ததா என்று அடுத்த கேள்வி. எந்த முடிவிலும் எங்கள் யாரையும் கேட்கவில்லை என்கிறார். வாட்சன் அதே மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறார். தன் வழி வேறு என்று மட்டும் சொல்கிறார். பெரியவரை அப்படிச் சபையில் வைத்துப் பேசியது தப்பு என்று நிறையப் பேர் மிக்கெல்சனைத் திட்டினார்கள். அந்த இடத்தில் பேசியிருக்க வேண்டாம் என்று எனக்கும் தோன்றியது. ஆனால் அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. கேப்டன் விருப்பத்துக்குச் சேர்க்கும் இடங்களை ஏசிங்கர் நாலாக உயர்த்தி வாங்கினார். வாட்சன் அதை மூன்றாகக் குறைத்துக்கொண்டார். இதிலேயே இருவர் அணுகுமுறையும் தெரிந்துவிடும்.

எதிர்ப்பக்கம் கேப்டன் பால் மெக்கின்லி. இந்த மனிதரைப் பற்றி நான் எத்தனை தடவை பேசினாலும் சலிக்காது. ஒரு மேஜர்கூட ஜெயித்ததில்லை. வாட்சன் பெயர் அறிவிக்கப்பட்டதும், அவருக்கு எதிரே நிற்க அதே உயரத்தில் ஒரு ஆள் வேண்டும் என்று ஐரோப்பாவில் ஒரு குரல் கிளம்பியது. ஏற்கெனவே ஜெயித்த கேப்டன் காலின் மான்ட்கோமரியின் பெயர் திரும்ப அடிபட்டது. அப்போது ரோரி மெக்கில்ராய் வெளிப்படையாக, எங்களுக்கு மெக்கின்லிதான் வேண்டும் என்றார். இன்னும் சில ஆட்டக்காரர்களும் அப்படியே சொன்னார்கள். 2013 ஜனவரியில் அபுதாபியில் கூடிய ஆட்டக்காரர்கள் குழு மெக்கின்லியையே தேர்ந்தெடுத்தது. அவர் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக மாதக்கணக்கில் பேசி வைத்திருந்தார். அணி தங்கும் அறையில் ஐரோப்பியக் கொடியின் நிறங்களான நீலத்திலும் மஞ்சளிலும் மீன்கள் நீந்தும் தொட்டி ஒன்றை வைத்தார். கால்பந்துப் பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசனை அழைத்துவந்து பேச வைத்தார். எட்டு மேஜர் ஜெயித்த கேப்டனை ஒன்றும் ஜெயிக்காத கேப்டன் ஐந்து புள்ளி வித்தியாசத்தில் தோற்கடித்தார்.

சரி, இப்போது பிஷப்புக்கு வருவோம். அந்த அக்டோபரில் இயன் போல்ட்டரின் சுயசரிதை வெளியானது. வாட்சனின் முடிவுகள் தனக்குப் புரியவே இல்லை என்று அதில் எழுதியிருந்தார். தன் சொந்த அணியின் 2008 கேப்டன் நிக் ஃபால்டோவையும் விடவில்லை. க்ளென்ஈகிள்ஸ் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே டிவி வர்ணனையில் ஃபால்டோ, 2008-ல் செர்ஜியோ கார்சியா ஒன்றுக்கும் உதவவில்லை என்கிற மாதிரி பேசியிருந்தார். அதில் ஐரோப்பிய ஆட்டக்காரர்கள் எல்லோருக்குமே கோபம்.

அக்டோபர் 23, வியாழக்கிழமை. பிஷப் ட்விட்டரில் போல்ட்டரையும் ஃபால்டோவையும் ஒப்பிட்டு, போல்ட்டரை ‘சின்னப் பொண்ணு’ என்றார். ஃபேஸ்புக்கில் இன்னும் நீளமாக எழுதினார். வாட்சனுக்கு 8 மேஜர், ஃபால்டோவுக்கு 6. அவர்களைப் போய் இவர் குறை சொல்வதா, பள்ளி இடைவேளையில் கீச்சிடும் சிறுமி மாதிரி இருக்கிறது என்றார். கொஞ்ச நேரத்தில் இரண்டையும் அழித்தார். அதற்குள் உலகம் பார்த்துவிட்டது. வெள்ளிக்கிழமை அவரை ராஜினாமா செய்யச் சொன்னார்கள். வாரியத்திடம் நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதால் மறுத்தார். வாரியம் அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, வாக்கெடுத்து நீக்கியது. இரண்டு வருடப் பதவிக்காலம் முடிய ஒரு மாதம்தான் பாக்கி.

நான் பள்ளி மாணவிகளுக்கு ஹாக்கி சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் மைதானத்தின் இன்னொரு பாதியில் பையன்கள் ஆடுவார்கள். ஒருவன் பந்தைத் தவறவிட்டால் உடனே, ‘என்னடா பொம்பளப் புள்ள மாதிரி ஆடுற’ என்று ஒரு சத்தம் வரும். அந்த நேரத்தில் இந்தப் பக்கம் கோல்கீப்பர் பெண் கால் பேடின் பட்டையை இறுக்கிக்கொண்டிருப்பாள். கை ஒரு நொடி நிற்கும், அப்புறம் தொடரும். அவள் எதுவும் சொல்லமாட்டாள். பையன்களின் பயிற்சியாளரும் எதுவும் சொல்லமாட்டார் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. பிஷப் அந்தப் பயிற்சியாளரின் இடத்தில் இருந்தவர். கோல்ஃப் கிளப்புகளில் பெண்களும் சிறுமிகளும் அதிகம் வர வேண்டும் என்று அவருடைய சங்கமே பணம் செலவழித்துக்கொண்டிருந்த காலம் அது. அவருடைய இரண்டு மகள்களும் கோல்ஃப் துறையில் இருப்பவர்கள். அவர் மனதில் பெண்கள் மீது வெறுப்பு இருந்தது என்று நான் நினைக்கவில்லை. ஆனாலும் ஒருவரை மட்டம்தட்ட வேண்டும் என்றதும் அவர் கைக்கு வந்தது அந்த ஒப்பீடுதான். அதை எழுதிய பிறகு எந்தச் சிறுமியிடம் போய் ‘வா, இது உன் விளையாட்டும்தான்’ என்று சொல்ல முடியும்? தலைவர் நாற்காலியில் இருக்கிறவருக்கு ‘வாய் தவறிவிட்டது’ என்கிற சலுகை கிடையாது.

பாதிப் பேர் கவனிக்காத இன்னொரு பகுதியும் அந்தப் பதிவில் இருக்கிறது: மேஜர் கணக்கு. பழைய வெற்றி அதிகம் இருக்கிறவரைக் கேள்வி கேட்கக் கூடாது என்கிற நினைப்பு. வாட்சனைக் கேப்டன் ஆக்கியதும் இதே நினைப்புதான். சரி, கணக்கென்றே வைத்துக்கொள்வோம். போல்ட்டர் மேஜர் எதுவும் ஜெயிக்கவில்லை, உண்மை. ஆனால் பேச்சு ரைடர் கோப்பையைப் பற்றியது. அதில் அன்றைய தேதியில் போல்ட்டர் 18 ஆட்டங்களில் 12 வெற்றி, 4 தோல்வி, 2 சமம். வாட்சன் 15 ஆட்டங்களில் 10 வெற்றி, 4 தோல்வி, 1 சமம். வாட்சனுக்கு எந்த விதத்திலும் குறைந்தவர் இல்லை. 2012-ல் மெடினாவில் அமெரிக்கா 10–4 என்று முன்னால் போய்க்கொண்டிருந்த சனிக்கிழமை மாலை, மெக்கில்ராயுடன் ஜோடி சேர்ந்து கடைசி ஐந்து குழிகளிலும் வரிசையாக பேர்டி (குழிக்கு நிர்ணயித்த எண்ணிக்கையைவிட ஒரு அடி குறைவு) அடித்து அணிக்கு உயிர் கொடுத்தவர் போல்ட்டர். மறுநாள் ஐரோப்பா 14.5–13.5 என்று ஜெயித்தது. கேப்டன் வேலையைப் பற்றிக் கருத்துச் சொல்ல அவரைவிடத் தகுதியான ஆள் யார்?

வாரியம் செய்ததில் எனக்கு உடன்பாடில்லாத ஒரு விஷயம் உண்டு. மன்னிப்பை உடனே வெளியில் கேட்க அவர் தயாராக இருந்தும் சங்கம் அடக்கிவைத்தது என்று பிஷப் பிறகு சொல்லியிருக்கிறார். அது உண்மையென்றால் சங்கத்தின் பக்கமும் தவறு இருக்கிறது. முதலில் கேட்க வேண்டியது போல்ட்டரிடமும் பெண் உறுப்பினர்களிடமும். அதைக் கேட்க விட்டு, அப்புறம் நீக்கியிருக்கலாம்.

நல்ல மாற்றம் அந்த நீக்கத்தால் வரவில்லை, அதற்கு முன்பே ஆரம்பித்திருந்தது. அதே மாதம் 14-ம் தேதி, ரைடர் கோப்பைத் தோல்வியை ஆராய 11 பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தார்கள். மிக்கெல்சன், டைகர் வுட்ஸ், ஃபர்யிக், ஸ்ட்ரிக்கர், ஃபவுலர் என்று ஆட்டக்காரர்கள் ஐந்து பேர், பழைய கேப்டன்கள் மூன்று பேர், அதிகாரிகள் மூன்று பேர். அந்தப் பட்டியலில் தலைவரான பிஷப்பின் பெயர் இல்லை. பதிவு போடுவதற்கு ஒன்பது நாள் முன்பே கேப்டன் விஷயத்தில் அவர் கை கழன்றுவிட்டது. 2016-ல் டேவிஸ் லவ் தலைமையில் ஹேசல்டைனில் 17–11 என்று ஜெயித்தார்கள். சங்கத்திலும் மாற்றம் வந்தது: பிஷப் போன அடுத்த மாதமே சூஸி வேலி செயலாளராகத் தேர்வானார். 2018-ல் அவர்தான் சங்கத்தின் முதல் பெண் தலைவர்.

குழு அமைத்தால் கேப்டன் சண்டை தீர்ந்துவிடும் என்று நான் சொல்லவரவில்லை. 2018-ல் பாரிஸில் 17.5–10.5 என்று தோற்றதும், ஸ்பீத்தோடு தன்னை ஏன் பிரித்தார்கள் என்று ரீட் பத்திரிகையிலேயே புலம்பினார். ஐரோப்பாவிலும் 2022-ல் ஹென்ரிக் ஸ்டென்சனுக்குக் கேப்டன் பதவியைக் கொடுத்து, அவர் சவுதி பணத்தில் ஆரம்பித்த போட்டித் தொடரான லிவ் கோல்ஃபுக்குப் போனதும் நாலே மாதத்தில் பறித்தார்கள். அவசரமாக லூக் டொனால்டைக் கொண்டுவந்தார்கள். அவரும் மேஜர் ஜெயிக்காதவர். 2023-ல் ரோமில் ஜெயித்த இரவு, செய்தியாளர் சந்திப்பில் மொத்த அணியும் இன்னும் இரண்டு வருடம் இவரே இருக்கட்டும் என்று கோஷம் போட்டது. ஐரோப்பிய நிர்வாகமும் சரி என்றது. 2025-ல் அமெரிக்க மண்ணிலேயே, நியூயார்க் பெத்பேஜில், 15–13 என்று டொனால்ட் திரும்பவும் ஜெயித்தார்.